கப்பலிலிருந்து இறங்கி, விமானம் பிடித்து, வன்னிக்கு வந்து சேர: சிங்கப்பூர்ச் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோரைச் சந்திக்கச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே சுற்றுலா விசா தேவையில்லை. கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். எல்லோரும் அங்கே கூடி, சொகுசுக் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே வந்து பிரிகிறார்கள்.

போகிற நாளுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் நடக்கிறது. திரும்புகிற நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கப்பல் காலை ஏழு மணிக்குக் கரைக்கு வரும், பத்து மணிக்கு விமானம் ஏறிவிடலாம் என்று சீட்டு எடுத்துவிடுகிறார்கள். அம்மா அப்பாவோடு அந்தக் கடைசி நாளைக் கடந்து கிளிநொச்சி வந்து சேர்வதற்குள் நாங்கள் பட்ட பாடு பெரிது. அடுத்துப் போகிறவர்கள் அதைப் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன், வீட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

கப்பல் நிறுவனம் தரும் தாளில் "வருகை காலை 7.00" என்று இருக்கும். அது கப்பல் துறையில் கட்டப்படும் நேரம். நீங்கள் வீதியில் நிற்கும் நேரம் வேறு. கப்பல் கட்டிய பிறகு அதிகாரிகளின் அனுமதி வர வேண்டும். அதன் பிறகே பயணிகளை இறக்கத் தொடங்குவார்கள். பெரிய கப்பலில் மூவாயிரம், நான்காயிரம் பேர் இருப்பார்கள். பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எட்டு மணியளவில் இறங்கலாம். மற்றவர்கள் எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் இலக்கப்படி இறங்குவார்கள்.

மோசமான நாளை வைத்தே கணக்குப் போடுங்கள். பத்து மணிக்கு இறங்குகிறீர்கள். குடிவரவு வரிசையும் பெட்டி தேடுவதும் சேர்ந்து ஒரு மணித்தியாலம். டாக்ஸி வரிசை அரை மணி. சாங்கி விமான நிலையத்துக்கு ஓட்டம் அரை மணி. அப்போதே மதியம் பன்னிரண்டு ஆகிவிடும். பல விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே கவுண்டரை மூடிவிடுகின்றன. ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்கு முந்திய விமானத்தைத் தொடவே தொடாதீர்கள். முதியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் மூன்று மணிக்குப் பிந்தியது நல்லது.

கணக்கு இத்தோடு முடிவதில்லை. கட்டுநாயக்க விமான நிலையம் நம் வீடு அல்ல. கொழும்பில் இருக்கிறவர் விமானத்தால் இறங்கி ஒரு மணித்தியாலத்தில் வீட்டில் படுப்பார். நமக்கு அங்கிருந்து கிளிநொச்சிக்கு வான் வண்டியில் ஆறு ஏழு மணித்தியாலம் இருக்கிறது. இலங்கை நேரம் சிங்கப்பூரை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இரவு எட்டு மணிக்குச் சிங்கப்பூரில் புறப்பட்டால் இலங்கை நேரம் ஒன்பதரை போல இறங்குவீர்கள். வெளியே வர பத்தரை. உடனே வெளிக்கிட்டால் விடிய ஐந்து மணிக்குக் கிளிநொச்சி. பத்தரை மணி விமானம் என்றால் இறங்குவதே நள்ளிரவு. சாரதி தூக்கக் கண்ணோடு ஓட்டும் நேரம் முழுக்க நீங்கள் வீதியில் இருப்பீர்கள். இணையத்தில் மிக மலிவாகத் தெரியும் சீட்டு பெரும்பாலும் இந்த நள்ளிரவுச் சீட்டுத்தான். ஆளுக்கு இருபது முப்பது டொலர் மிச்சம் என்று அதை வாங்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுடைய ரொறன்ரோ அல்லது சூரிச் விமானம் பெற்றோரின் விமானத்துக்குப் பிறகு புறப்படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் போய்விட்டால், ஆங்கிலம் பேசத் தயங்கும் அம்மா அப்பா அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் தனியே அலைவார்கள். அவர்களைக் குடியகல்வு வாசல் வரை கொண்டுபோய் விட்ட பிறகு உங்கள் வாசலைத் தேடுங்கள்.

2. ஆவணங்கள்: பெயரும் திகதியும்

சிங்கப்பூருக்குள் நுழையும்போது கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள்: முதலில் விமானத்தில், பிறகு கப்பலில். ஆறு மாதத்தை இரண்டாவது நுழைவுத் திகதியிலிருந்து எண்ணுங்கள். மட்டுமட்டாக இருந்தால் புதுப்பித்துவிட்டே போங்கள். வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

அடுத்தது பெயர். நம்மவர் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் இருக்கும். கனடாவில் இருக்கும் மகன் அவசரத்தில் பதியும்போது தன் குடும்பப் பெயரையே அம்மா அப்பாவுக்கும் போட்டுவிடுவார். கப்பல் பதிவில் ஒரு பெயர், விமானச் சீட்டில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொன்று என்று ஆனால் கவுண்டரில் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். கடவுச்சீட்டின் முதற்பக்கத்தைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். வாயால் எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். பதிந்த பிறகு சீட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

கப்பல் நிற்கும் நாடுகளின் விசா விதி கடவுச்சீட்டுக்குக் கடவுச்சீட்டு மாறும். ஒரே குடும்பத்தில் கனேடியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் இருக்கும்போது, "எங்களுக்கு விசா தேவையில்லை" என்று பிள்ளைகள் சொல்வது அவர்களுக்கு மட்டுமே பொருந்தும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இலங்கையருக்கு என்ன விதி என்பதைப் பயணம் பதிவதற்கு முன்னும், புறப்படும் கிழமையிலும் பாருங்கள். கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்திருங்கள். விசா இல்லையென்றால் துறைமுகத்தில் இறங்க விடாமல் இருப்பதோடு நிற்க மாட்டார்கள். சிங்கப்பூரிலேயே கப்பலில் ஏற்ற மறுக்கவும் கூடும்.

நாடு திரும்பும் விமானச் சீட்டைக் கடதாசியில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். கப்பலால் இறங்கிக் குடிவரவில் நிற்கும்போது "எப்போது போகிறீர்கள்?" என்று கேட்டால், கைத்தொலைபேசியில் தேடாமல் அந்தத் தாளை நீட்டலாம்.

3. சிங்கப்பூர் வருகை அட்டை: இரண்டாவது தடவையும் நிரப்ப வேண்டும்

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் எஸ்.ஜி. அரைவல் கார்ட் எனப்படும் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பியது, கப்பலில் திரும்பி வரும்போது உதவாது.

வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் அதை நிரப்ப முடியும். உங்கள் கப்பல் முதலாம் திகதி புறப்பட்டு ஐந்தாம் திகதி திரும்புகிறது என்றால், மூன்றாம் திகதிக்கு முன் படிவத்தை அனுப்ப இயலாது. அதாவது கப்பல் ஏறுவதற்கு முன் முடித்துவிடலாம் என்ற எண்ணம் நான்கு இரவுப் பயணத்தில் பலிக்காது. நடுக்கடலிலோ துறைமுகத்திலோதான் நிரப்ப வேண்டும். கப்பலின் வைஃபை விலை கூடியது. ஆகவே துறைமுகத்தில் இறங்கும் நாளில், பிள்ளைகளின் தொலைபேசி இணைப்பிலோ உள்ளூர் சிம்மிலோ, கரையில் ஓர் இடத்தில் இருந்து குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து நிரப்பிவிடுங்கள். வரும் வழி கடல் என்று தெரிவு செய்து கப்பலின் பெயரைக் கொடுங்கள்.

இந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் ஐம்பது அறுபது டொலர் கேட்கும். அரசாங்கத் தளம் போலவே தோற்றம் இருக்கும். சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் சொந்தத் தளத்தையோ செயலியையோ மட்டும் பயன்படுத்துங்கள். காசு கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

4. கப்பல் ஏறிய முதல் நாளே வரவேற்பு மேசையில் கேட்க வேண்டியவை

கடைசி நாள் இரவு அந்த மேசையின் முன் பெரிய வரிசை நிற்கும். முதல் நாள் பின்னேரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போதே போய் மூன்று விடயங்களைப் பேசுங்கள்.

முதலாவது சக்கர நாற்காலி. முழங்கால் வருத்தம் இருந்தும் "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று சொல்லும் அப்பாமாருக்கும் கேளுங்கள். கப்பல் வாசலிலிருந்து முனையத்தின் வெளி வாசல் வரை நீண்ட நடை. பெட்டியும் இழுக்க வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பதிந்தவர்களைத் தனி நேரத்தில் தனி வழியால் இறக்குவார்கள். விமானத்துக்கு இது தனியாகப் பதிய வேண்டியது. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன்பாவது விமான நிறுவனத்துக்கு அறிவித்துவிடுங்கள்.

இரண்டாவது, இறங்கும் வரிசை. உங்கள் விமான நேரத்தைச் சொல்லி முன்வரிசை இலக்கம் கேளுங்கள். பல கப்பல்களில் இதற்கென்று ஒரு சிறு படிவமோ செயலியில் ஓர் இடமோ இருக்கும். நிரப்பாதவர்களுக்குக் கிடைக்கும் இலக்கத்தைத் தருவார்கள்.

மூன்றாவது கணக்கு. கப்பலுக்குள் காசு புழங்காது; எல்லாம் அறை அட்டையில் ஏறும். அதோடு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 அமெரிக்க டொலர் வரை ஊழியர் சேவைக் கட்டணம் தானாகச் சேரும். நால்வர் நான்கு இரவுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இலங்கை வங்கி டெபிட் அட்டையைக் கொடுத்தால் கப்பல் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்துவைக்கும். அது விடுபடப் பல நாளாகும். டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் அந்த அட்டையையே நம்பி இருந்தால் கடைசி நாள் கை வெறுமையாகிவிடும். கடனட்டை இருந்தால் அதைக் கொடுங்கள். காசாக வைப்பு வைத்தால், மீதியைக் கடைசி இரவே வாங்கிவிடுங்கள். காலையில் வாங்கலாம் என்று விடாதீர்கள்.

கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கப்பல்களும் உண்டு. எங்கே, எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. கடைசி இரவு: பெட்டியை வெளியே வைப்பதா, கையோடு வைத்திருப்பதா?

அறைக்கு நிற அட்டைகளோ இலக்க அட்டைகளோ வரும். அதைப் பெட்டியில் கட்டி, இரவு பத்து பதினொரு மணிக்கு முன் அறைக்கு வெளியே வைத்துவிட்டால் ஊழியர்கள் எடுத்துச் செல்வார்கள். மறுநாள் முனையத்து மண்டபத்தில் அந்த இலக்கத்துக்குரிய இடத்தில் அடுக்கியிருப்பார்கள்.

இரண்டு வழிக்கும் செலவு இல்லை. எது நல்லது என்று கேட்டால் என் முடிவு இதுதான்: பிற்பகல் மூன்று மணிக்கு முன் விமானம் இருக்கிறவர்கள், பெட்டியை இழுக்கக்கூடிய இளையவர்கள் உடன் இருந்தால், கையோடு வைத்திருந்து முதலாவதாக இறங்குங்கள். மின்தூக்கி காலையில் நிரம்பி வழியும்; பெட்டியைப் படிகளில் தூக்கும் பலம் யாருக்காவது இருக்க வேண்டும். மாலை விமானம் என்றால் வெளியே வைத்துவிட்டு ஆறுதலாக இறங்குங்கள்.

வெளியே வைக்கிறீர்கள் என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். பெட்டி போன பிறகு காலை வரை திரும்பக் கிடைக்காது. மறுநாள் உடுக்கும் உடுப்பு, உள்ளாடை, செருப்பு, பல்துலக்கி, மூக்குக்கண்ணாடி, செயற்கைப் பல் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டி வெளியே வைத்துவிட்டு, இரவு உடுப்போடும் வெறுங்காலோடும் காலையில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருக்கிறார்கள் என்று எங்கள் அறை ஊழியரே சொன்னார். கடவுச்சீட்டு, சீட்டுகள், காசு, நகை, கைத்தொலைபேசி மின்னேற்றி ஆகியவையும் கைப்பையில்தான். மருந்துகள் கட்டாயம். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தோடு வைத்தியரின் ஆங்கிலத் துண்டையும் வைத்திருங்கள். பெட்டி பிந்தினாலும், விமானம் பிந்தினாலும், மருந்து உங்களோடு இருக்கும்.

மண்டபத்தில் போய்ப் பார்த்தால் கறுப்புப் பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அம்மா பழைய சிவப்புச் சேலையின் கரையைக் கிழித்து ஒவ்வொரு கைபிடியிலும் இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தார். எங்கள் பெட்டிகளில் ஒன்று வேறொரு இலக்கத்தின் வரிசையில் நின்றது. தூரத்திலேயே அந்தச் சிவப்புத்தான் காட்டிக்கொடுத்தது. இல்லையென்றால் ஒவ்வொரு அட்டையாகப் புரட்டியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் போகாதீர்கள்.

சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாதவற்றை அன்றிரவே களைந்துவிடுங்கள். மெல்லும் புகையிலை அங்கே தடை. வெற்றிலைத் தட்டத்தை விட்டுப் பிரியாத அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் நம் ஊரில் நிறைய. வெற்றிலையோடு போகும் அந்தச் சிறு புகையிலைத் துண்டும் அந்தத் தடைக்குள் அடங்கும். ஊரிலிருந்து எடுத்துப் போகாமல் இருப்பதே சரி. மின்சிகரெட்டும் சூயிங்கமும் தடை. சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிச்சலுகையே இல்லை. ஒரு பெட்டி என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். மதுவுக்குச் சலுகை உண்டு. ஆனால் குறைந்தது நாற்பத்தெட்டு மணித்தியாலம் சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அது கிடையாது. பேரப்பிள்ளைகள் கடைத்தெருவில் வாங்கிய விளையாட்டுத் துப்பாக்கியும் பிரச்சினை தரலாம். அதையும் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

6. இறங்கும் காலை

முதலில் மணிக்கூடு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னால். கைத்தொலைபேசி சில வேளை கடைசியாகப் பிடித்த நாட்டு நேரத்திலேயே நின்றுவிடும். கப்பலுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து எழும்பும் நேரத்தை வையுங்கள். கடலில் இருக்கும்வரை தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றியே வைத்திருங்கள்; கப்பலின் கோபுரம் மூலம் இணைந்தால் ஒரு சிறு அழைப்புக்கும் பெரிய கட்டணம் வரும்.

காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். ஆறரைக்குப் போனால் இடம் இருக்கும், ஏழரைக்குப் போனால் தட்டோடு நிற்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அடுத்த சாப்பாடு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாத நாள் இது. எட்டு மணியளவில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அதற்கு முன் பெட்டகம், கட்டிலுக்கு அடி, குளியலறைக் கொக்கி மூன்றையும் பாருங்கள்.

இலக்கம் அழைக்கும்வரை வாசலில் போய் நெருக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்து, வாசலுக்கு அருகான தளத்தில் உட்கார்ந்திருங்கள். அறை அட்டையைக் கையில் வைத்திருங்கள். கடைசியாக ஒரு தடவை அதை இயந்திரத்தில் காட்ட வேண்டும்.

7. முனையத்தில் குடிவரவு

கப்பல் கட்டும் முனையம் இரண்டு. பெரிய கப்பல்கள் பொதுவாக மரினா பே முனையத்துக்கு வருகின்றன. மற்றது ஹார்பர்ஃபிரன்ட். நண்பரையோ வாகனத்தையோ வரச் சொல்கிறவர்கள் முனையத்தின் முழுப் பெயரையும் சொல்லுங்கள். "துறைமுகத்துக்கு வா" என்றால் அவர் மற்றதில் போய் நிற்பார்.

இங்கே தானியங்கிக் கதவுகள் இருக்கும். முகத்தையும் கண்ணையும் விரல்ரேகையையும் இயந்திரம் பார்க்கும். காலமெல்லாம் வயலில் நின்ற கைகளின் ரேகை தேய்ந்திருக்கும். அப்பாவின் பெருவிரலை எத்தனை தடவை துடைத்து வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. அப்படி நடந்தால் அங்கேயே போராட வேண்டாம், பதறவும் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் அலுவலரிடம் சொன்னால் ஆள் இருக்கும் கவுண்டருக்கு அனுப்புவார். குடும்பத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவரை முதலில் விட்டு, ஆங்கிலம் தெரிந்தவர் பின்னால் போங்கள். முன்னால் போய்விட்டால் திரும்பி வந்து உதவ விட மாட்டார்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் அலுவலர் அகப்பட்டால் பேசத் தயங்காதீர்கள்.

8. சாங்கிக்குப் போவது

நால்வர் வரை என்றால் டாக்ஸிதான் சரி. ஏறத்தாழ 25 முதல் 35 சிங்கப்பூர் டொலர். செயலி மூலம் அழைத்தால் கப்பல் இறங்கும் நேரத்தில் விலை ஏறியிருக்கும். வரிசையையும் செயலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பெட்டி மட்டும் இருக்கும் இளையவர்களுக்கு ரயில் போதும். மரினா பே முனையத்துக்குப் பக்கத்தில் மரினா சவுத் பியர் நிலையம். சிட்டி ஹாலில் மாறி, தானா மேராவில் மறுபடி மாறி, விமான நிலையம். ஒரு மணித்தியாலம் போல எடுக்கும். கட்டணம் மிகக் குறைவு.

டாக்ஸியில் ஏறும்போதே எத்தனையாம் முனையம் என்று சொல்ல வேண்டும். சாங்கியில் நான்கு இருக்கின்றன. நான்காவது மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது, பஸ்ஸில்தான் போக வேண்டும். சீட்டில் எழுதியிருப்பதையும் அன்று காலை விமான நிறுவனம் அறிவிப்பதையும் ஒப்பிடுங்கள்.

மாலை விமானம் என்றால் இடையில் பல மணித்தியாலம் இருக்கும். சாங்கியில் காசு கட்டிப் பெட்டிகளை வைக்கலாம். கட்டோங் பகுதியில் சிலோன் வீதியில் இருக்கும் செண்பக விநாயகர் கோயில் இலங்கைத் தமிழர் கட்டியெழுப்பியது. நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெற்றோருக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், நேரம் பார்த்துப் போங்கள்.

9. கப்பல் பிந்தினால்

கடுமையான காற்று, மருத்துவ அவசரம், துறைமுக நெரிசல் என்று எந்தக் காரணத்தாலும் கப்பல் பிந்தலாம். விமானத்தைக் கப்பல் நிறுவனம் மூலம் வாங்காமல் தனியாக வாங்கியிருந்தால், தவறவிட்ட சீட்டுக்கு இரு நிறுவனமும் பொறுப்பேற்காது. அதனால் திகதி மாற்றக்கூடிய சீட்டு வாங்குங்கள், சிறிது விலை கூடினாலும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது "பொதுப் போக்குவரத்துப் பிந்தியதால் விமானம் தவறினால்" பணம் உண்டா என்று கேளுங்கள். பல மலிவான காப்புறுதிகளில் மருத்துவச் செலவு மட்டுமே இருக்கும்.

பிந்துகிறது என்று தெரிந்தவுடன் விமான நிறுவனத்துக்குப் பேசுங்கள். விமானம் புறப்படுவதற்கு முன் பேசினால் மாற்றுவது சுலபம், புறப்பட்ட பிறகு சீட்டு செத்துவிடும். வரவேற்பு மேசையில் தாமதத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு வாங்குங்கள். காப்புறுதிக்கு அது இல்லாமல் எதுவும் நடக்காது. கரை இறங்கிய பிறகு அந்தக் கடிதத்தைப் பெறுவது மிகக் கடினம்.

10. கட்டுநாயக்கவிலிருந்து வீட்டுக்கு

வான் பேசும்போது மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள்: வெறுமையாக வரும் ஓட்டம், காத்திருப்பு, விமான நிலைய வாகனத் தரிப்பு, சாரதியின் இரவுச் சாப்பாடு. பிறகு சேர்க்கப்படுபவை இவைதான். ஊரிலிருந்து வரும் சாரதிக்கு விமான இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் அவரே தொலைபேசியில் பார்த்துக்கொள்வார். மத்தியானமே வந்து படுத்து எழும்பச் சொல்லுங்கள். கிளிநொச்சியில் பகல் முழுக்க ஓடிவிட்டு நேரே வந்து, திரும்ப இரவு முழுக்க ஓட்டுகிற சாரதியோடு ஏறாதீர்கள். புத்தளம், அனுராதபுரம் வழியாக வரும் பாதையில் யானை குறுக்கிடும் இடங்கள் இருக்கின்றன. இருட்டில் வேகமும் தூக்கமும் சேரக்கூடாது.

இரவு பத்து மணிக்குப் பிறகு இறங்கினால் என் ஆலோசனை நீர்கொழும்பில் ஓர் அறை. விமான நிலையத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், சிங்கப்பூரில் ஓர் இரவு தங்குவதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம். சாரதிக்கும் ஓர் அறை பேசுங்கள். வானுக்குள் படுக்க விடாதீர்கள்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் 187ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்புக் கோட்டைக்குப் போய் அங்கிருந்து ரயிலோ யாழ்ப்பாண பஸ்ஸோ எடுக்கலாம். வடக்கு ரயில் பாதை கடந்த சில ஆண்டுகளில் திருத்த வேலைகளுக்காகப் பலமுறை நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கிழமையில் கிளிநொச்சி வரை ஓடுகிறதா என்று நிலையத்துக்குப் பேசி உறுதிப்படுத்திவிட்டே சீட்டுப் பதியுங்கள். பெட்டிகளும் முதியவர்களும் சேர்ந்தால் இந்த வழி வேண்டாம்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் வருகிறதே, அப்படி வந்தால் கிட்டத்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டு தனித்தனிச் சீட்டுகள் என்றால் சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். ஒரே சீட்டில் பெட்டி நேரே போகும் என்று விமான நிறுவனம் எழுத்தில் தந்தால் மட்டும் யோசியுங்கள்.

முல்லைத்தீவுக்காரர் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போக வேண்டும். மன்னாருக்கு மதவாச்சியில் பிரிய வேண்டும். ஒரே வானில் இரு குடும்பங்கள் சேர்ந்து வந்தால், யாரை எங்கே இறக்குவது, யார் எவ்வளவு கொடுப்பது என்பதை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துவதை எந்தச் சாரதியும் காத்திருப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.